அப்பாவின் காலுக்கு வீட்டுச் செருப்பு: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். போன வாரம் இங்கே சிங்கப்பூரில், யீஷூன் வட்டாரத்தில் சொந்தக்காரர் வீட்டு வாசலில், இரும்புக் கதவைப் பிடித்தபடி வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டார். இரவு பார்த்தால் குதிகாலில் கீறல், காய்ந்த ரத்தம். அவருக்குத் தெரியவே இல்லை. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

தீபாவளிக்கு ஏழெட்டு வீடுகளுக்குப் போவோம். வெளியே போடாத புதுச் செருப்பு ஒன்றைப் பையில் கொண்டுபோகலாமா? "அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடா?" என்று அப்பா மறுக்கிறார். செருப்போடு பூஜை அறைப் பக்கம் போகவே மாட்டார். உங்கள் வீடாக இருந்தால் தவறாக நினைப்பீர்களா? முன்கூட்டியே போனில் சொல்லிவிடட்டுமா? அப்புறம், குதிகால் மூடிய மெத்தென்ற வீட்டுச் செருப்பு தேக்கா பக்கம் எங்கே கிடைக்கும்?