ஃபுட்பால்ல 19 வருஷம் லெஃப்ட் பேக் (இடது பக்க டிஃபண்டர்) ஆடுன மாமா, இப்போ கோச் ஆகணும்னா லைசென்ஸ் கட்டாயமா?

கௌதம்புரா பையன்:
எங்க மாமா, அம்மாவோட தம்பி. உல்சூர் கௌதம்புராதான், பேலே சிலைக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. பெங்களூரு லீக்ல பி டிவிஷன், ஏ டிவிஷன்னே 19 வருஷம் ஓட்டிட்டாரு, அதுக்கு மேல இருக்குற சூப்பர் டிவிஷன் ரெண்டே சீசன். பேப்பர்ல பேர் வந்ததே இல்ல. ஸ்போர்ட்ஸ் கோட்டால ஃபேக்டரி வேலை, ஷிஃப்ட் முடிச்சா நேரா கிரவுண்டு. இப்போ 44 வயசு, காலைல தெரு பசங்க முப்பது பேருக்கு ஓசியில சொல்லித் தர்றாரு. போன வாரம் ஒரு அகாடமில வேலை கேக்கப் போனா, லைசென்ஸ் இருக்கான்னு ஒரே கேள்வி கேட்டு அனுப்பிட்டாங்க, மனுஷன் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. இங்கிலீஷ் வேற தடுமாறும். எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

மர்பி டவுன் கீப்பர்:
அகாடமில சம்பளத்துக்கு சேரணும்னா லைசென்ஸ் வேணும் ப்ரோ. இ, டி, சி, பி, ஏ, கடைசில ப்ரோ, இதான் ஏணி. டி வரைக்கும் போனாலே சின்னப் பசங்க டீம் கைக்கு வரும். கேஎஸ்எஃப்ஏ (கர்நாடகா ஃபுட்பால் சங்கம்) பேஜ பாத்துக்கிட்டே இருங்க, கோர்ஸ் போட்டா சீட் சீக்கிரம் ரொம்பிடும்.

ஆஃப்சைடு ஆறுமுகம்:
தப்பா நெனைக்காதீங்க, ஆடத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சொல்லித் தர வராது. எனக்கு சின்ன வயசுல ஒரு கோச் இருந்தாரு, பெரிய ஸ்ட்ரைக்கர், "நான் அடிக்கிறத பாருடா"ன்னு அடிச்சுக் காட்டுவாரு, நாங்க வாயப் பொளந்து பாத்துட்டு வீட்டுக்குப் போவோம், அவ்ளோதான் ட்ரெய்னிங். மாமா கோர்ஸ் போகட்டும்.

பழைய கேலரி:
ஆறுமுகம் சொன்னதுல பாதிதான் ஒத்துக்குவேன், ஏன்னா ஸ்ட்ரைக்கர் வேற லெஃப்ட் பேக் வேற. நம்ம ஊர் ராமன் இந்தியா டீம்ல ஆடி 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல ஃபிரான்ஸுக்கு கோல் போட்டாரு, நம்மாளுங்க பல பேர் வெறுங்கால்ல ஆடுன மேட்ச், 2-1ன்னு தோத்தோம், அத இன்னிக்கும் சொல்றோம். அருமைநாயகம், உலகநாதன்லாம் கல்கத்தா போய் மோகன் பகான் கிளப்ல ஆடுனாங்க. போகாம இங்கயே ஐடிஐ (டெலிஃபோன் ஃபேக்டரி), ஹெச்ஏஎல் (விமான ஃபேக்டரி)னு ஆபீஸ் டீம்ல வேலையும் பாத்துக்கிட்டு ஆடுனவங்க எத்தன பேர்! உங்க மாமா மாதிரி ஒரு பேக் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அசோக் நகர் ஸ்டேடியத்துல மழை மேட்ச், சாக்ஸ் நிக்க சைக்கிள் ட்யூப வெட்டிக் கட்டியிருந்தாரு, எதிர் விங்கர் செம ஸ்பீடு, இவரு ஒரு தடவ கூட கால நீட்டல, லைன் பக்கமா தள்ளித் தள்ளிக்கிட்டே போயி அவனே பால வெளிய விடுற வரைக்கும் விடமாட்டாரு, நடுவுல வாய் மட்டும் ஓயாது, சென்டர் பேக்குக்கு "உள்ள வா, நில்லு, இப்போ போ"ன்னு. அது பாதி கோச்சிங்தானப்பா. கர்நாடகா 54 வருஷம் கழிச்சு 2023ல ரியாத்ல சந்தோஷ் டிராபி, அதான் மாநில டீம்களுக்கான கப், தூக்குச்சே, அதுக்கெல்லாம் பசங்க இந்த மாதிரி கிரவுண்டுல இருந்துதான் வர்றாங்க.

கௌதம்புரா பையன்:
எல்லாருக்கும் தேங்க்ஸ். சைக்கிள் ட்யூப் கதைய மாமாகிட்ட படிச்சுக் காட்டுனேன், "யாருடா அந்த ஆளு, எந்த டீமு"ன்னு நோண்டிக்கிட்டே இருந்தாரு, அவரும் அதே ட்யூப்தான் கட்டுவாராம். நேத்து நைட்டு பையனோட பழைய கணக்கு நோட்ட எடுத்து சோடா மூடிய வெச்சு வட்டம் வட்டமா போட்டு ஏதோ பிளான் எழுதிட்டு இருந்தாரு, எல்லாம் தமிழ்ல. ஒரே ஒரு டவுட் கேக்கச் சொன்னாரு: டி கோர்ஸ்ல செஷன் பிளான (ட்ரெய்னிங் திட்டத்த) தமிழ்ல எழுதிக் குடுத்தா ஒத்துக்குவாங்களா? போயிட்டு வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?