உப்பளக் கதைகளை இன்ஸ்டாகிராமில் எப்படிக் கொண்டுசேர்ப்பது?

முத்துநகர் வாசகி கேட்கிறார்:

நண்பர்களுக்கு வணக்கம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய என் முதல் சிறுகதைத் தொகுப்பு மார்கழியில் வருகிறது. பதிப்பகம் சிறியது. "இன்ஸ்டாகிராமில் நீங்களே அறிமுகப்படுத்துங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அட்டைப்படத்தைப் போட்டேன், சொந்தபந்தங்கள் வாழ்த்தினார்கள், புத்தகம் எங்கே கிடைக்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேமரா முன் பேசவும் எனக்கு விருப்பமில்லை. முகம் காட்டாமல் ஓர் எழுத்தாளர் அங்கே வாசகரைச் சேர்க்க முடியுமா?

கவிதைப் பிரியன்:

தாராளமாக முடியும். கனடாவில் வாழும் ரூபி கௌர் தன் சிறு கவிதைகளையும் கோட்டோவியங்களையும் இன்ஸ்டாகிராமில் போட்டே பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்தார். 2014இல் முதல் தொகுப்பைத் தானே வெளியிட்டார்; மறு ஆண்டே ஓர் அமெரிக்கப் பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது. உங்கள் கதைகளிலிருந்து நான்கு நல்ல வரிகளை எடுத்து அழகான பின்னணியில் போடுங்கள்.

கந்தக பூமி:

நண்பர் சொல்வது கவிதைக்குப் பொருந்தும், சிறுகதைக்குப் பொருந்தாது. கதையிலிருந்து பிய்த்தெடுத்த நான்கு வரி பொன்மொழியாகத்தான் நிற்கும். அதைப் படிப்பவர் விருப்பக்குறி போட்டுவிட்டுப் போய்விடுவார்.

நான் சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலை வைத்து நாவல் எழுதியவள். எனக்கு வாசகர்களைக் கொண்டுவந்தவை அப்பா சேர்த்துவைத்திருந்த பழைய தீப்பெட்டி லேபிள்கள். ஒரே பதிவில் லேபிள் படங்களை வரிசையாக வைத்து, கடைசிப் படமாக நாவலின் முதல் பத்தியை வைத்தேன். "எங்கள் அம்மா வீட்டில் குச்சி அடுக்குவார்" என்று எங்கெங்கிருந்தோ பலர் எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன், அவர்கள் அம்மாவைப் பற்றி மேலும் கேட்டேன். புத்தகம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பேச்சுக்குள் வந்தவர்கள்தான். சகோதரி, உங்களிடம் உப்பளமே இருக்கிறது! பாத்தி, வாரிக் குவித்த அம்பாரம், வெடித்த உள்ளங்கால்... உங்கள் முகம் அங்கே தேவையே இல்லை. ஆனால் தொழிலாளியின் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் போடவே கூடாது. சம்பளம் கொடுப்பவர் கண்ணில் அது பட்டால் அவர் பிழைப்புக்கே ஆபத்து.

படத்தின் கீழ் 2,200 குறியீடுகள் வரை எழுதலாம் என்பார்கள். தமிழில் அது வேகமாகத் தீர்ந்துவிடும், ஏனென்றால் 'கொ' என்பதைக் கணினி இரண்டாக எண்ணும். முழுக்கதைக்கு அங்கே இடம் கிடையாது, தொடக்கப் பத்திகளுக்கு உண்டு. அதிலும் முதல் இரண்டு வரிதான் திறக்காமலே தெரியும். அந்த இடத்தில் "என் புதிய தொகுப்பு வெளிவருகிறது" என்று எழுதிவிடாதீர்கள், கதையையே தொடங்கிவிடுங்கள். படத்தின் கீழ் எழுதும் குறிப்பில் தரும் இணைப்பை அழுத்தினால் திறக்காது, அதனால் வாங்கும் இணைப்பைப் பக்கத்தின் முகப்பில் வையுங்கள். படத்தில் எழுத்தைப் பதிக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று கைப்பேசியிலேயே பாருங்கள். சில செயலிகளில் தமிழ் உடைந்துபோகும். உடைந்த தமிழில் ஒரு புத்தகத்தை அறிமுகப்படுத்துவதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

அரங்கு ஊழியன்:

பதிப்பகத்தின் வாட்ஸ்அப் எண்ணையும் முகப்பில் போடுங்கள். தபாலில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் கேட்கிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சி நேரத்தில் நந்தனத்தில் உங்கள் நூல் கிடைக்கும் அரங்கின் எண்ணை ஸ்டோரியில் மட்டும் போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். தனிப் பதிவாகப் போட்டுப் பக்கத்தின் உச்சியில் நிறுத்திவையுங்கள். அரங்கு எண் தெரியாமல் அலைந்து திரும்பும் வாசகர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

முத்துநகர் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. கந்தக பூமி அக்கா, புத்தகம் வரும் மார்கழியில் இங்கே படம் எடுக்க எதுவும் இருக்காது. ஐப்பசி மழை விழுந்தால் பாத்திகளில் தண்ணீர் நின்று வேலை ஓய்ந்துவிடும், அம்பாரங்களையும் மூடிவிடுவார்கள். அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அளத்துக்குப் போகிறேன். உப்பு வாரும் பெரியம்மா ஒருவர் தன் கைகளை மட்டும் எடுக்கச் சம்மதித்திருக்கிறார். எந்தக் கதையின் தொடக்கத்தை வெளியிடலாம் என்று பதிப்பகத்திடம் கேட்டுவிட்டு, முதல் பதிவை இங்கே காட்டுகிறேன். எழுத்து உடைந்திருந்தால் சொல்லுங்கள்.