ஞானஸ்நானத்தில் சபையார் எழுந்து நின்று கொடுக்கிற வாக்கு: உங்கள் அனுபவம் என்ன?

சின்ன சபைப் போதகர்

மூன்று வாரமாக மனதைவிட்டுப் போகவில்லை, எழுதிவிடுகிறேன். அங்கத்தினர் பட்டியலைச் சரிபார்க்கும் செஷன் கூட்டம், அதாவது போதகரும் சபையை நடத்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட மூப்பர்களும் கூடும் கூட்டம், எப்படி இருக்கும் என்று பிரஸ்பிட்டேரியன் சபைகளில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளார்க் பெயரை வாசிப்பார், யாராவது ஒரு மூப்பர் "அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்" என்பார், குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவோம். அன்றைக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு கடிதம் வந்தது. பத்தொன்பது வயதுப் பையன், தன் பெயரை எடுத்துவிடும்படி கேட்டு எழுதியிருந்தான். கோபமான வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. கடைசியில் மட்டும் இப்படி இருந்தது: "எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த வீடியோ அம்மாவிடம் இருக்கிறது. அதில் எழுந்து நிற்கிறவர்களில் ஒருவர்கூட இத்தனை வருஷத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை."

கிளார்க் வாசித்து முடித்தார். ஆறு மூப்பர்கள் இருந்தோம், என்னோடு ஏழு. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் ஒருவர் மெதுவாக, "இது யாருடைய பையன்?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அவனைக் கையில் ஏந்தித் தண்ணீர் ஊற்றியது நான்தான்.

அடுத்த வாரம் அவன் அம்மாவிடம் கேட்டு அந்த வீடியோவைப் பார்த்தேன். நான் சபையைப் பார்த்துக் கேட்கிறேன், இந்தப் பிள்ளையைக் கிறிஸ்துவுக்குள் வளர்க்கப் பெற்றோருக்குத் துணை நிற்பீர்களா என்று. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், "ஆம்" என்கிறார்கள், நல்ல சத்தமாக, மனதாரத்தான் சொல்கிறார்கள். உட்கார்ந்த உடனே எல்லாத் தலையும் குனிகிறது, அடுத்த சங்கீதத்தின் எண்ணைத் தேட. குழந்தை இன்னும் என் கையில்தான் இருக்கிறது, அழுதுகொண்டு. நானும் சங்கீதத்தின் எண்ணைத்தான் அறிவிக்கிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. போதகரின் அங்கத்துவம் பிரஸ்பிட்டரியில்தான், அதாவது பல சபைகளைக் கண்காணிக்கும் வட்டார மன்றத்தில்தான், உள்ளூர்ச் சபையில் இல்லை. அதாவது நான் தலைமை தாங்கி அவன் பெயரை நீக்கப்போகிற பட்டியலில் என் பெயர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஒழுங்கு சரிதான், அதன் காரணமும் தெரியும், ஆனாலும் அன்று அந்த நாற்காலியில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது.

முடிவு எடுக்காமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். உங்களுக்கு இப்படி எதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

வாசல்பக்க மூப்பர்

ஞானஸ்நானம் பற்றி என்னிடம் ஒன்றும் இல்லை, திருவிருந்து பற்றி ஒன்று இருக்கிறது.

எங்கள் சபையில் யாரும் முன்னால் வந்து அப்பம் வாங்குவதில்லை. தட்டு வரிசையில் கைமாறிப் போகும், பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்ள அடுத்தவர் எடுப்பார். எடுக்கிறவரிடம் "கிறிஸ்துவின் சரீரம், உங்களுக்காக" என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். மூப்பர்கள் வரிசையின் ஓரத்தில் நிற்போம்.

புதிய போதகரை அழைக்கும் ஓட்டெடுப்பில் எதிரெதிராக நின்ற இரண்டு பேர், முன்பு குடும்பமாகப் பழகியவர்கள், இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அன்று ஒருவர் தாமதமாக வந்தார், காலியாக இருந்தது அந்த ஒரு இடம்தான், மற்றவரான அந்த அம்மாவின் பக்கத்தில். தட்டு அவர் கைக்கு வந்தது. அவர் திருப்பிப் பிடித்தார். அந்த அம்மா எடுக்கவில்லை. தட்டு அப்படியே நின்றது, அதில் இருந்த அப்பத் துண்டுகள் லேசாக ஆடுவது எனக்குத் தெரிந்தது, அவர் கை நடுங்கியதால். பின் வரிசைகளில் தட்டுகள் நகர்ந்துகொண்டிருந்தன, இந்த ஒரு வரிசை மட்டும் நின்றுபோயிருந்தது. அப்புறம் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். என் காதில் விழவில்லை, உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன். அந்த அம்மா எடுத்துக்கொண்டார்.

என்னை உறுத்துவது இதுதான்: அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நான் சுற்றிப்போய் மறுபக்கத்திலிருந்து தட்டைக் கொடுக்கலாம் என்று அரை அடி எடுத்து வைத்துவிட்டேன். ஒரு நொடி முன்னால் போயிருந்தால் அது நடந்தே இருக்காது. அந்த அரை அடி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கரையில் நிற்பவன்

முதலில் எழுதிய போதகருக்கு, மரியாதையோடுதான் சொல்கிறேன். இது குழந்தை ஞானஸ்நானத்தில் வருகிற சிக்கல். கேட்கத் தெரியாத பிள்ளைக்காக ஒரு கூட்டம் வாக்குக் கொடுக்கிறது, அப்புறம் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நான் பதினேழு வயதில் நானே கேட்டு முழுகி எடுத்தவன், திருமணத்துக்குப் பிறகுதான் பிரஸ்பிட்டேரியன் சபைக்கு வந்தேன். என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது மனதில் தெளிவு இல்லாமல்தான் நின்றேன். போதகர் என்னைப் பார்த்துக் கேட்டபோது "ஆம்" என்றேன், ஆனால் என் மனைவியின் குரல்தான் கேட்டது, என்னுடையது வெளியே வரவில்லை. மகளுக்கு இப்போது எட்டு வயது. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதாகத்தான் நினைக்கிறேன்.

பழைய செஷன் கிளார்க்

கரையில் நிற்பவருக்கு: சகோதரரே, சிக்கல் ஞானஸ்நானத்தில் இல்லை. முழுகி எடுத்த பதினேழு வயதுக்காரர்களும் பட்டியலிலிருந்து காணாமல் போகிறார்கள், எந்தச் சபையில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் என்று பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்னதை வைத்துத்தான் நாம் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம். நம் சபைகளின் கோட்பாட்டைச் சொல்லும் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை 28ஆம் அதிகாரம், ஆறாம் பகுதியை எடுத்துப் படியுங்கள். ஞானஸ்நானத்தின் பலன் அதைக் கொடுக்கிற அந்த நேரத்தோடு கட்டப்பட்டதில்லை என்று தெளிவாக இருக்கிறது. போதகர் ஐயாவும் அதைத் திரும்பப் படிக்கலாம். அந்தப் பையனின் கதை முடிந்துவிட்டது என்று யார் சொன்னது?

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பட்டியலைக் கூட்டத்தில் வாசிப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு மூப்பருக்கும் இத்தனை வீடு என்று பிரித்துக் கொடுங்கள். இது நம் மரபிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் அந்தக் காலத்தில் திருவிருந்துக்கு முன்னால் ஒவ்வொருவரையும் விசாரித்து, தகுதியானவர் என்று கண்டால் கையில் ஒரு சின்ன வில்லை கொடுப்பார்கள், பெரும்பாலும் ஈயத்தில் வார்த்தது, சபையின் முதலெழுத்தும் வருஷமும் பொறித்தது. அதைக் கொடுத்தால்தான் மேசையில் இடம். பின்னால் அதற்குப் பதிலாக அட்டை வந்தது, அதை மூப்பரே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். கண்டிப்பான முறைதான், அதில் தப்புகளும் நடந்தன, ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம், வருஷத்தில் சில தடவையாவது மூப்பர் உங்கள் கதவைத் தட்டியே ஆக வேண்டும். நமக்கு வில்லை வேண்டாம், கதவைத் தட்டுவது வேண்டும். பிள்ளைகளின் பெயரை வயதோடு எழுதி ஒரு பிரதியை மூப்பர் தன் வேதாகமத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஞானஸ்நானம் கொடுத்த நாளில் வருஷா வருஷம் பெற்றோருக்கு அல்ல, அந்தப் பிள்ளைக்கே ஒரு வரி எழுதுங்கள். போகும்போது பிள்ளையிடம் பேசுங்கள், படிப்பைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

என் அனுபவம் என்று கேட்டால், பதினொரு வருஷம் பெயர்களை வாசித்தேன். ஒரு பெயரை வாசித்த அதே வாரத்தில் அவர் இறந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அதற்குமேல் எழுத முடியவில்லை.

மாலை ஆராதனை

நானும் போதகன்தான். கிளார்க் ஐயா சொல்வது எல்லாம் சரி, ஆனால் எல்லாம் நாம் போய்க் கொடுப்பதாகவே இருக்கிறது. எனக்கு நடந்தது வேறு மாதிரி.

ஞாயிறு பள்ளியில் சின்ன வினாவிடையை, விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லும் நூலை, பல தலைமுறைக்குக் கற்பித்த ஒரு டீச்சர் படுக்கையில் இருந்தார். செஷனில் பெரிய சண்டை நடந்த வாரம் அது, நான் வெறுமையாகத்தான் போனேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை, அதனால் பழைய நாள் மாதிரி கேள்வி கேட்கட்டுமா என்றேன். டீச்சர் தலையசைத்து, "நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்" என்றார். அதில் இருக்கும் 107 கேள்விகளில் நாலாவதைக் கேட்டார், தேவன் யார் என்று. நான் சொன்னேன்: தேவன் ஆவியாயிருக்கிறார், தமது இருப்பிலும் ஞானத்திலும் வல்லமையிலும் பரிசுத்தத்திலும் நீதியிலும் சத்தியத்திலும் எல்லையற்றவர், நித்தியமானவர், மாறாதவர். போர்வைக்கு மேலே அவர் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டே வந்தன. ஆறோடு நின்றன. ஏழாவது விரலை நீட்டியபடியே என்னைப் பார்த்தார். எனக்கு வரவில்லை. டீச்சரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எல்லாப் பிள்ளைக்கும் காத்திருந்தது போலக் காத்திருந்தார்.

நன்மை. அதைத்தான் விட்டிருந்தேன். நான் சொன்ன பிறகுதான் அந்த விரல் மடங்கியது.

நான் அவரைத் தேற்றப் போனதாக அன்றைய பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். சின்ன சபைப் போதகரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: அந்தப் பையனிடம் போகும்போது சபையின் சார்பில் போகாமல், அவன் உங்கள் கையில் அழுதபடி இருந்ததை இப்போதுதான் பார்த்தவராகப் போக முடியுமா?

சின்ன சபைப் போதகர்

எல்லோருக்கும் நன்றி. கரையில் நிற்பவரே, உங்கள் கடைசி வரியை எங்கள் மூப்பர்களுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன், பெயர் சொல்லாமல்.

வீடுகளைப் பிரித்துக்கொண்டோம். "யாருடைய பையன்?" என்று கேட்டாரே, அந்த மூப்பர் அவன் வீடு இருக்கிற பகுதியைத் தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் முதலில் நான்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவன் அம்மாவிடம் எண் வாங்கி நேற்று இரவு பேசினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கடிதம் கிடைத்ததா, பெயரை எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டான். இன்னும் இல்லை, நீ இப்போதும் கேட்டால் எடுத்துவிடுவோம், அதற்கு முன்னால் ஒரு தடவை உன்னைப் பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்றான். அந்த வீடியோவைப் பார்த்தேன் என்றேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறான்.