கனடாவின் கால்கரிக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு: ஹாக்கி அரங்கமும் வீட்டு வரியும்

வேலை தேடுவது, வாடகை வீடு, குளிர்கால டயர், பள்ளிச் சேர்க்கை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதிகம் பேசப்படாத ஒன்றை எழுதுகிறேன்: ஊர் அரசியல். "நமக்கு ஓட்டே கிடையாது, அதில் நமக்கு என்ன?" என்பவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். ஓட்டு குடியுரிமை கிடைத்த பிறகுதான். வரி அப்படிக் காத்திருப்பதில்லை. வாடகைக்கு இருந்தாலும் வீட்டுக்காரர் கட்டும் சொத்துவரி உங்கள் வாடகைக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இதற்காக மாநகராட்சிச் சட்டத்தைப் படிக்க வேண்டாம். ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் கதை ஒன்றே போதும். மேயர், மாகாண முதல்வர், பெரும் பணக்காரர்கள், ரயில் பாதை, வெள்ளம், வரி எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

ஸ்டாம்பீட் பூங்காவுக்குப் பக்கத்தில் குதிரைச் சேணம் போலக் கூரை வளைந்த கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சாடில்டோம். 1983இல் திறந்தார்கள். 1988 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் அங்கே நடந்தன. 2013 ஜூன் வெள்ளத்தில் கீழ்வரிசை இருக்கைகள் தண்ணீருக்குள் போயின. வெளியிலிருந்து பார்க்க அத்தனை அழகு. ஆனால் கூரை நடுவில் தாழ்ந்திருப்பதால் பெரிய இசை நிகழ்ச்சிகளின் கனமான விளக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் தொங்கவிட வழியில்லை. இடைவேளையில் எழுந்து வெளியே வந்தால் குறுகிய நடைவழியில் கழிப்பறை வரிசை எது, உணவு வரிசை எது என்றே தெரியாது; முன்னால் நிற்பவரைக் கேட்டுத்தான் நிற்க வேண்டும்.

ஆக, புதிய அரங்கம் வேண்டும் என்பதில் பெரிய சண்டை இல்லை. பணம் யார் தருவது என்பதில்தான் சண்டை.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வட அமெரிக்காவில் அணி என்பது முதலாளியின் சொத்து. ஊரின் பெயரைச் சூடியிருந்தாலும் அது ஊருக்குச் சொந்தமில்லை. நினைத்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகலாம். கியூபெக் நகர அணி 1995இல் அமெரிக்காவின் டென்வருக்குப் போனது. வின்னிபெக் அணி 1996இல் ஃபீனிக்ஸுக்குப் போனது. வின்னிபெக்குக்கு மறுபடி ஓர் அணி வர 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் அட்லாண்டாவிலிருந்து பெயர்ந்து வந்ததுதான். நம் கால்கரி ஃபிளேம்ஸ் அணியே 1980இல் அட்லாண்டாவிலிருந்து வந்ததுதானே. அதனால் "அரங்கம் கட்டித் தராவிட்டால்..." என்று முதலாளிகள் பாதி வாக்கியத்தோடு நிறுத்தினாலும் மீதியை ஊரே நிரப்பிக்கொள்ளும்.

2015இல் ஃபிளேம்ஸ் தரப்பு முதல் திட்டத்தைக் கொண்டுவந்தது. அவர்கள் காட்டிய நிலத்தில் பழைய மரப்பதனத் தொழிற்சாலை விட்டுச்சென்ற நச்சு ஊறியிருந்தது. சுத்தம் செய்யும் செலவைக் கேட்டதும் திட்டம் படுத்துவிட்டது. 2017 செப்டம்பரில், மேயர் தேர்தலுக்கு ஒரு மாதமே இருந்த நேரத்தில், இனிப் பேச்சுவார்த்தை இல்லை என்று அணி அறிவித்தது. இந்த அணிகள் ஆடும் தேசிய ஹாக்கி லீக்கின் தலைவர் கேரி பெட்மேனே அன்று ஊரில் இருந்தார். நேரத்தைப் பார்த்தீர்களா? பொதுப்பணம் பொதுநலனுக்குத்தான் என்று நின்ற மேயர் நஹீத் நென்ஷி தோற்பார் என்றுதான் பலர் கணக்குப் போட்டார்கள். அவர் மூன்றாம் முறையாக ஜெயித்தார். மறு ஆண்டு, 2026 ஒலிம்பிக்ஸுக்கு விண்ணப்பிக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது 56 சதவீதத்துக்கு மேல் "வேண்டாம்" என்றார்கள். விளையாட்டு என்றால் இந்த ஊர் கண்ணை மூடிக்கொண்டு பணப்பையைத் திறந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

2019இல் சுமார் 55 கோடி டாலருக்கு ஓர் ஒப்பந்தம் ஆனது. செலவு மாநகராட்சிக்கும் அணிக்கும் ஏறக்குறைய பாதிப் பாதி. 2021 டிசம்பரில் அதுவும் முறிந்தது. செலவு 60 கோடியைத் தாண்டியிருந்தது. கடைசியில் முட்டிக்கொண்டது சாலை, நடைபாதை, சூரிய மின்தகடு ஆகிய உருப்படிகளில். அப்போதுதான் பதவிக்கு வந்திருந்த ஜோதி கோண்டெக் மேயராக இருந்தார்.

2023 ஏப்ரலில் மூன்றாவது ஒப்பந்தம். மொத்தத் திட்டம் 122 கோடி டாலர். மாநகராட்சி 53.7 கோடி, மாகாண அரசு 33 கோடி வரை. அணியின் தரப்பு முன்பணமாக 4 கோடி. பிறகு ஆண்டுக்கு 1.7 கோடியில் தொடங்கி, வருடம் 1 சதவீதம் கூட்டி, 35 ஆண்டுகள் கட்ட வேண்டும். அதுவரை அணி ஊரைவிட்டுப் போகாது. மாகாணத்தின் பணம் அரங்கத்துக்கு அல்ல, சாலைக்கும் சுரங்கப்பாதைக்கும் பழைய கட்டடத்தை இடிப்பதற்கும்தான் என்று சொன்னார்கள். அறிவிப்பு வந்த ஐந்தே வாரத்தில் மாகாணத் தேர்தல் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். முதல்வர் டேனியல் ஸ்மித் கால்கரி வாக்காளர்களிடம் இதைச் சொல்லியே ஓட்டுக் கேட்டார். இதற்காக வரி ஏறாது, சேமிப்பு நிதியிலிருந்து எடுக்கிறோம் என்றது மாநகராட்சி. சேமிப்பில் இருப்பதும் யாரோ கட்டிய வரிதான்! என்னைக் கேட்டால் 2019 ஒப்பந்தமே ஊருக்கு மலிவு. ஆனால் இதைத் தேநீர் இடைவேளையில் சொல்லும்முன் பக்கத்தில் இருப்பவர் ஃபிளேம்ஸின் சிவப்பு ஜெர்சி போட்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய கட்டடத்தின் பெயர் ஸ்கோஷியா பிளேஸ். 2024 ஜூலையில் பணி தொடங்கியது. 2027 இலையுதிர் காலத்தில் திறப்பதாகத் திட்டம்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்.

வீடு வாங்கியவர்களுக்கு ஜனவரியில் சொத்து மதிப்பீட்டுக் கடிதம் வரும். மதிப்பு ஏறியிருந்தால் உடனே பதற வேண்டாம். ஊரில் எல்லா வீடுகளும் ஏறிய அளவுக்கே உங்களுடையதும் ஏறியிருந்தால் அதனால் மட்டும் வரி கூடாது. சராசரியைவிட அதிகமாக ஏறியிருந்தால்தான் இடிக்கும். மதிப்பீடு தவறு என்று தோன்றினால் அந்தக் கடிதத்தில் உள்ள கெடுவுக்குள் கேட்க வேண்டும். மே மாதக் கடைசியில் வரி பில் வரும்போது கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். ஜூன் இறுதிக்குள் கட்டாவிட்டால் ஜூலை 1 அன்று 7 சதவீத அபராதம். பில் தபாலில் வரவில்லை என்ற காரணம் செல்லாது; புதிதாக வீடு வாங்கியவர்கள் சிக்குவது இங்கேதான். மாதத் தவணைத் திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். இன்னொன்று: அந்த பில்லில் இருப்பது முழுவதும் மாநகராட்சிக்குப் போவதில்லை. ஒரு பெரும் பங்கு மாகாணத்தின் கல்வி வரி. திட்டுவதென்றால் யாரைத் திட்டுவது என்று தெரிந்துகொண்டு திட்டலாம்.

பேஸ்மென்டில் (வீட்டின் அடித்தளத்தில்) வாடகைக்கு இருப்பவர்களுக்கு: மாநகராட்சி இணையதளத்தில் பதிவுபெற்ற பேஸ்மென்ட் குடியிருப்புகளின் பட்டியல் இருக்கிறது. முன்பணம் கொடுக்கும்முன் அந்த முகவரி அதில் உண்டா என்று பாருங்கள். இருந்தால், அவசரத்தில் ஏறி வெளியேறக்கூடிய ஜன்னலும் புகை எச்சரிக்கைக் கருவியும் சோதிக்கப்பட்டவை என்று நம்பலாம். 2018 வரை பல பேட்டைகளில் இப்படி ஒரு குடியிருப்புக்கு அனுமதி வாங்க வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக மாநகர மன்றத்தின் முன்னால் நின்று கெஞ்ச வேண்டியிருந்தது என்றால் நம்புவீர்களா?

2024இல் தனிவீட்டு மனைகளிலும் வரிசை வீடுகள் கட்டலாம் என்று விதியை மாற்றினார்கள். எழுநூறு பேருக்கு மேல் மாநகர மன்றத்தில் வந்து பேசினார்கள். 9-க்கு 6 என்ற வாக்கில் நிறைவேறியது. 2025 அக்டோபர் தேர்தலில் கோண்டெக் தோற்றார்; அந்த விதியை நீக்குவேன் என்று வாக்குறுதி தந்த ஜெரமி ஃபார்கஸ் சில நூறு வாக்கு வித்தியாசத்தில் மேயரானார்.

ஓட்டு இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மாநகர மன்றத்தின் பொது விசாரணையில் பேச யாரும் குடியுரிமை கேட்பதில்லை. ஐந்து நிமிடம் தருவார்கள். தொலைபேசி வழியாகவும் பேசலாம். காலி மனையின் முன் நட்டிருக்கும் அறிவிப்புப் பலகையை நின்று படியுங்கள். கருத்துச் சொல்ல வேண்டிய கடைசித் தேதி அதில் இருக்கும். ஊரில் 14 வார்டுகள். உங்கள் கவுன்சிலர் யார் என்று பார்த்து மின்னஞ்சல் அனுப்புங்கள். தெருவிளக்கு, குப்பை, சாலைப்பள்ளம் என்றால் 311-ஐ அழையுங்கள். உங்கள் பேட்டையின் சமூகச் சங்கத்திலும் சேருங்கள். பிள்ளைகள் சறுக்கும் பனித்தளத்துக்குத் தண்ணீர் விடுவது பெரும்பாலும் அந்தச் சங்கத்துத் தொண்டர்கள்தான். ரைலி பூங்காவில் நெடுங்காலமாகக் கிரிக்கெட் நடக்கிறது. இன்னும் ஆடுகளங்கள் வேண்டுமென்றால் ஹாக்கி ரசிகர்களைப் போல நாமும் கேட்டால்தான் உண்டு.

ஆட்டம் பார்க்க டிக்கெட் விலை பற்றிக் கேட்பவர்களுக்கு: குடும்பத்தோடு ஃபிளேம்ஸ் ஆட்டம் என்றால் பர்ஸ் தாங்காது. அதே சாடில்டோமில் ஊரின் அடுத்த நிலை ஹாக்கி அணிகளான ராங்லர்ஸ், ஹிட்மென் ஆட்டங்களுக்கு மலிவாக டிக்கெட் கிடைக்கும். முதலில் அங்கே போய் விதிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். காரை எடுக்க வேண்டாம். நகர ரயிலான சி-டிரெயினின் சிவப்புத் தடத்தில் விக்டோரியா பார்க்/ஸ்டாம்பீட் நிலையத்தில் இறங்குங்கள். நகர மையத்தில் ஏழாவது அவென்யூவில் மட்டும் ரயில் இலவசம். இந்த நிலையம் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறினாலும் டிக்கெட் எடுத்துவிட்டு ஏறுங்கள். ஆட்ட நாட்களில் பரிசோதகர் வரக்கூடும்.