முதல் டார்பிடோ விமானம்: ஷார்ட் 184 முன்னோடியா, சாப்வித் குக்கூவா?

கடலோடி:
விமானம் தாங்கிக் கப்பல்களின் டார்பிடோ விமான வரலாறு 1915-இலேயே தொடங்கிவிட்டது என்பேன். அவ்வாண்டு ஆகஸ்ட் 12 அன்று, கடல் விமானங்களைச் சுமந்த பிரிட்டிஷ் கப்பலான பென்-மை-க்ரீக்குரிய, மிதவைகளில் இயங்கும் ஷார்ட் 184 விமானத்தை ஓட்டிச் சென்ற பிரிட்டிஷ் விமானி எட்மண்ட்ஸ், நீர்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை தாழ்ந்து, துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைப் பகுதியில் துருக்கியக் கப்பல் ஒன்றின்மீது டார்பிடோவை (நீருக்கடியில் பாயும் வெடிகணையை)ச் செலுத்தினார். போரில் ஒரு முறைகூடப் பயன்படாத, சாப்வித் நிறுவனத்தின் குக்கூ விமானத்தை இதற்கு முன்னால் வைப்பது எப்படிப் பொருந்தும்?

வானவன்:
அந்தத் தாக்குதலின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த விமானம் கப்பலின் மேல்தளத்திலிருந்து எழவில்லை. பாரந்தூக்கியால் கடலில் இறக்கப்பட்டு, நீரிலிருந்தே எழுந்தது. டார்பிடோவின் எடையைச் சுமப்பதற்காக உடன் செல்லும் பார்வையாளரையே விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. சில நாள்களில் டேக்ர் என்ற விமானி, இயந்திரக் கோளாறால் கடலில் இறங்கி, நீரில் ஓடியபடியே ஓர் இழுவைப் படகைத் தாக்கினார். டார்பிடோ போய் எடை குறைந்த பிறகுதான் அவரால் மீண்டும் எழ முடிந்தது. மிதவைகளின் பாரமே அந்த வகையின் எல்லை.

குக்கூ சக்கரங்களில் ஓடியது. சுமார் 450 கிலோ டார்பிடோ வயிற்றுக்கடியில் தொங்குவதற்கு வழிவிடும் வகையில், இரு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கு அச்சே இல்லாமல் அதன் சக்கரக் கட்டைப் பிரித்து அமைத்திருந்தனர். 1918 அக்டோபரில் இவ்விமானங்கள் பிரிட்டனின் ஆர்கஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலில் ஏற்றப்பட்டன.

கடலோடி:
ஏற்றப்பட்டன, ஆனால் போர் முடிந்துவிட்டது. ஜெர்மன் கடற்படையைத் துறைமுகத்திலேயே தாக்க பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி அட்மிரல் பீட்டி 1917-இல் விரும்பிய திட்டமும் நிறைவேறவில்லை. மேல்தளத்துக்கான வடிவமைப்பு அப்போதே கைகூடியிருந்தால், சாப்வித்தில் பணியாற்றிய வடிவமைப்பாளர் ஹெர்பர்ட் ஸ்மித், ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்துக்காக 1922-இல் உருவாக்கிய மூன்றடுக்கு இறக்கை விமானமான 1எம்டி ஏன் தோற்றது? இருபது விமானங்களோடு அதன் உற்பத்தி நின்றது.

வானவன்:
அந்தத் தோல்வியே என் வாதத்துக்குச் சான்று. டார்பிடோவுடன் மேல்தளத்திலிருந்து இயங்க முடியவில்லை என்பதற்காகவே அதைக் கைவிட்டு, இருவர் அமரும் ஈரடுக்கு இறக்கை விமானமான பி1எம்-க்கு ஜப்பானியக் கடற்படை மாறியது. மிதவை விமானத்தை எவரும் அந்த அளவுகோலால் சோதித்ததில்லை. மேல்தளத்திலிருந்து சுமையோடு எழ வேண்டும் என்ற நிபந்தனையை முதலில் ஏற்று உருவான விமானம் குக்கூதான்.