ஜெனரேட்டர் எங்கே வைப்பது?

பாஸ்கர்: எல்லோருக்கும் ஒரு தகவல். டீசல் ஜெனரேட்டருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை வருகிறது. மாடிப்படிக்குக் கீழே வைக்கலாம் என்று இருக்கிறேன்.

கோமதி: அம்மா ஜன்னல் அங்கேதானே இருக்கிறது

பாஸ்கர்: சாத்திக்கொள்ளலாம் அக்கா

கோமதி: உன் ஜன்னலுக்குக் கீழே வைத்துக்கொண்டு சாத்திக்கொள்

வசந்தா: 👍

கோமதி: வசந்தா, இது எதற்கு?

வசந்தா: முதல் மெசேஜுக்கு அண்ணி

கார்த்தி: சின்ன மாமா, படிக்குக் கீழே மூன்று பக்கமும் சுவர். புகை எங்கே போகும்?

பாஸ்கர்: குழாய் வைத்து வெளியே விடுவார்கள்

முருகேசன்: பாஸ்கர், கண்ணுக்குத் தெரியும் புகை என்றால் எழுந்து போய்விடலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எரிபொருள் முழுதாக எரியாதபோது வருவது. ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்வது ஹீமோகுளோபின். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயு அதில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். குழாய் இருந்தாலும் மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிடக் கூடாது. அப்புறம், டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகையிலையும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. தொடர்கிறேன்.

ரம்யா: அப்பா டைப் செய்கிறார். எல்லோரும் உட்காருங்கள்

பாஸ்கர்: வாழ்நாள் முழுக்க அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரித்துவிட்டு எனக்கு டீசல் பாடமா அண்ணா?

முருகேசன்: எரித்ததால்தான் சொல்கிறேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டையாக்சைடு வெளியே போகிறது.

கார்த்தி: ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோகூட இருக்காதே பெரிய மாமா

முருகேசன்: நல்ல கேள்வி. டீசலின் எடையில் பெரும்பகுதி கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களை இழுத்துக்கொள்கிறது. அந்த ஆக்சிஜன் எடையும் சேர்ந்துதான் மூன்று மடங்குக்கு மேல் வருகிறது.

வசந்தா: *பலமுறை பகிரப்பட்டது* அடுத்த வருஷம் முதல் டீசல் விற்பனையே கிடையாது!! அனைவருக்கும் பகிரவும்!!

ரம்யா: சித்தி, இது போன வருஷமும் வந்தது. அப்போதும் அடுத்த வருஷம் என்றுதான் இருந்தது

கோமதி: கீழே தண்ணீர் வரவில்லை. யார் வால்வை மூடியது?

பாஸ்கர்: நான் இல்லை. ஒரு ஜெனரேட்டரால் உலகம் அழிந்துவிடுமா?

கார்த்தி: 1952 டிசம்பரில் லண்டனிலும் ஆளுக்கு ஒரு கணப்பு அடுப்புதான் மாமா. ஐந்து நாள் காற்று அசையவில்லை. வீட்டு நிலக்கரிப் புகையும் மின் நிலையப் புகையும் ஊரிலேயே தங்கிவிட்டன. அப்போதைய கணக்கில் சுமார் 4,000 பேர் இறந்தார்கள். பிற்காலத்து ஆய்வு ஒன்று 12,000 வரை சொல்கிறது. சோலார் போடலாமே, பேட்டரியோடு?

பாஸ்கர்: எங்கே

கார்த்தி: மொட்டை மாடியில்

*பாஸ்கர் இந்த மெசேஜை நீக்கிவிட்டார்*

கோமதி: நான் படித்துவிட்டேன் பாஸ்கர்

வசந்தா: மொட்டை மாடி எங்கள் பங்கு என்று மாமனார் இருக்கும்போதே பேசியாயிற்று அண்ணி

கோமதி: பேசியது. எழுதவில்லை

ரம்யா: ஆரம்பித்துவிட்டது

பாஸ்கர்: லித்தியமும் கோபால்ட்டும் மட்டும் மரத்திலா காய்க்கிறது? காங்கோ சுரங்கங்களில் சின்னப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள்

கார்த்தி: உண்மைதான். ஆனால் கோபால்ட் இல்லாத பேட்டரியும் இருக்கிறது. ஒருமுறை தோண்டியது பல வருஷம் ஓடும். டீசலுக்கு நாள் தவறாமல் தோண்ட வேண்டும்

முருகேசன்: நிலக்கரிக்கும் அதே கதைதான். நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மின்சாரமாகும், மிச்சம் வீண். மட்டமான நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குகூடச் சாம்பலாக இருக்கும். அதைப் புகையிலிருந்து மின்னேற்றிப் பிடிக்கத்தான் ஈ.எஸ்.பி. என்ற கருவி. அதில் ஒரு பிரிவு பழுதானால் எனக்குத் தகவல் வருமுன் குவார்ட்டர்ஸில் கொடியில் கிடக்கும் துணி சொல்லிவிடும். ரம்யாவின் பள்ளிச் சட்டையை அவள் அம்மா உதறுவாள். அப்படியும் காலர் மடிப்பில் பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிற்கும்.

ரம்யா: இன்ஹேலரைச் சொல்லவில்லையே அப்பா

கோமதி: அந்த வேலைக்குத்தான் நம் நிலம் சுரங்கத்துக்குப் போனது. சரி, அந்தப் பேச்சு வேண்டாம்

பாஸ்கர்: நீதானே எடுத்தாய் அக்கா. நிலம் மூன்று பேருக்கும் பொது. வேலை ஒருவருக்கு

முருகேசன்: அந்த ஒரு சம்பளத்தில்தான் உன் படிப்பு. கோமதி கல்யாணம்.

கோமதி: நான் கணக்குக் கேட்கவில்லை அண்ணா. நம் கிணறு இருந்த இடம் இப்போது சுரங்கப் பள்ளம். நிலம் கொடுக்காதவர்கள் கிணறும் சேர்ந்துதானே வற்றியது. அவர்களுக்கு யார் வேலை கொடுத்தார்கள்?

முருகேசன்: திறந்தவெளிச் சுரங்கத்தில் நீர் ஊறி நிரம்பிவிடாமல் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் இறங்கத்தான் செய்யும்.

கோமதி: தெரியும் அண்ணா

வசந்தா: தண்ணீர் திறந்துவிட்டாயிற்று

பாஸ்கர்: எல்லோரும் என்னைத் திட்டியாயிற்றா? போன வாரம் ராத்திரி கரெண்ட் போனபோது அம்மாவுக்கு நெபுலைசர் ஓடவில்லை. விடிய விடிய முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்காகத்தான் வாங்கினேன்

கோமதி: என்னை ஏன் எழுப்பவில்லை?

கார்த்தி: நெபுலைசருக்கு ஒரு இன்வெர்ட்டரே போதும் மாமா. படுக்கைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம்

பாஸ்கர்: மோட்டார், ஏசி?

கோமதி: ஆக, ஏசி

பாஸ்கர்: முன்பணம் திரும்ப வருமா என்று கேட்கிறேன். வராவிட்டால் கேட் பக்கம், திறந்த வெளியில் வைப்போம்

கோமதி: அங்கே என் கார் நிற்கிறது

பாஸ்கர்: உன் பெட்ரோல் கார் மட்டும் மல்லிகை வாசமா விடுகிறது?

கார்த்தி: ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசலாம். அதற்குள் மாடியை அளந்துவிடுகிறேன். சாவி?

வசந்தா: அவரைக் கேட்டுச் சொல்கிறேன்

முருகேசன்: இன்வெர்ட்டர் பேட்டரியில் ஈய அமிலம், லித்தியம் என்று இரண்டு வகை உண்டு. முதலில் ஈய அமிலத்தை எடுத்துக்கொள்வோம்.