மசாலா மில்லுக்குக் கெபாசிட்டர் பெட்டி போட்டால் கரண்ட் பில் குறையுமா?

தேக்கா மில்:
சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம் மிளகாய், மல்லி அரைக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறோம். 5.5 கிலோவாட் மூன்று பேஸ் மோட்டார். போன வாரம் ஒருவர் வந்து, பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் வேலைக்கு உதவும் பங்கு) 0.8தான் இருக்கிறது, கெபாசிட்டர் பெட்டி மாட்டினால் பில்லில் கால்வாசி குறையும் என்றார். கிளாம்ப் மீட்டரை வைத்து ஆம்ப் குறைவதையும் காட்டினார். வாங்கலாமா அண்ணே?

பழைய வயர்மேன்:
வேண்டாம் தங்கச்சி. ஆம்ப் குறைந்தது உண்மை, ஆனால் பில் குறையாது.

உங்கள் கடைக்கு வருவது 400 வோல்ட் லோ டென்ஷன் (குறைந்த அழுத்த) சப்ளை. அதற்குக் காசு கிலோவாட்-அவர் கணக்கில்தான். மோட்டார் தன் காந்தப்புலத்துக்காக வாங்கித் திருப்பிக் கொடுக்கும் கரண்டை அந்த மீட்டர் பில்லில் சேர்ப்பதில்லை. கெபாசிட்டர் பக்கத்திலிருந்தே கொடுப்பது அந்தக் கரண்டைத்தான், அதனால்தான் ஆம்ப் குறைகிறது.

கணக்குப் பார்ப்போம். எஃபிஷியன்சி 87 சதவீதம் என்றால் மோட்டார் இழுப்பது 6.3 கிலோவாட். பவர் ஃபேக்டர் 0.8இல் 11.4 ஆம்ப், 0.95க்கு ஏற்றினால் 9.6 ஆம்ப். இரண்டிலும் கிலோவாட் அதே 6.3தான். மிச்சமாவது வயர் சூட்டில் மட்டும். 15 மீட்டர் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் சுமார் 13 வாட், ஒரு எல்இடி பல்புக்கான கரண்ட். இதைக் கால்வாசி என்று சொல்லி விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

துவாஸில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை ஹை டென்ஷன் (உயர் அழுத்த) வாடிக்கையாளர், 22,000 வோல்ட் சப்ளை. அங்கே கெபாசிட்டர் பேங்க் அவசியம். கேவிஏஆர்-அவர் (அந்தக் காந்தப்புலக் கரண்டின் கணக்கு), கிலோவாட்-அவரில் 62 சதவீதத்தைத் தாண்டினால் தாண்டியதற்குத் தனிக் கட்டணம். அந்த 62 சதவீதம்தான் பவர் ஃபேக்டர் 0.85.

சரி, மோட்டார் எத்தனை வருஷம் ஆனது? இங்கே 2018 அக்டோபரிலிருந்து புது மூன்று பேஸ் மோட்டார்கள் ஐஇ3 என்ற எஃபிஷியன்சி தரத்துக்குக் குறையக் கூடாது. பழையதை மாற்றும்போது கிடைக்கும் மிச்சம் பில்லிலேயே தெரியும். அதுவரை பெல்ட்டை இறுக்கிப் பாருங்கள், அரைக்காத நேரத்தில் மோட்டாரை நிறுத்துங்கள்.

தேக்கா மில்:
ரொம்ப நன்றி அண்ணே. மோட்டார் அப்பா காலத்தது. வேகம் கூட்டிக் குறைக்க இன்வெர்ட்டர் போட்டிருக்கிறோம். பெட்டியை அதற்கும் மோட்டாருக்கும் நடுவில் மாட்டுவதாகச் சொன்னார்.

ஜூரோங் மெயின்டனன்ஸ்:
அக்கா, அங்கே மட்டும் மாட்ட விடாதீர்கள்! இன்வெர்ட்டர் அவுட்புட்டில் கெபாசிட்டர் வைத்தால் டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும், உள்ளே டிரான்சிஸ்டரே போய்விடலாம்.

பழைய வயர்மேன்:
தம்பி சொல்வது சரி. இன்வெர்ட்டர் இருந்தால் மோட்டாரின் காந்தப்புலத்துக்கான கரண்டை அதுவே கொடுத்துவிடும், சப்ளை பக்கம் வராது. அப்படியானால் அவர் எந்த இடத்தில் மீட்டரை வைத்து 0.8 என்றார்? அதைக் கேளுங்கள். கடை வயரிங்கில் யார் கை வைத்தாலும் முதலில் லைசென்ஸ் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.